ஏழு வீட்டுச் சாவிகள்

எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் எட்டு வீடுகள் உள்ளன. நீண்ட நடைவழியின் இருபுறமும் நான்கு நான்கு கதவுகள். மாடிப்படி ஏறி வந்ததும் வலக்கைப் பக்கம் முதலாவதாக இருப்பது ஒன்றாம் எண் வீடு. அதில் குடியிருக்கும் பெண்மணியைப் பற்றித்தான் எழுத முற்பட்டிருக்கிறேன். கட்டடத்தில் எல்லாருக்கும் அவர் 'சலவை அக்கா'. அவருக்கு ஐம்பத்திரண்டு வயது, எனக்கு அறுபத்தெட்டு. இருந்தும் நானும் அவரை அக்கா என்றே அழைத்துப் பழகிவிட்டேன். எட்டாம் எண் வீட்டில் மகனோடும் மருமகளோடும் இருக்கிறேன்.

பெரிய மருத்துவமனை ஒன்றின் சலவைக்கூடத்தில் அவர் இருபத்து மூன்று ஆண்டுகளாக வேலை செய்கிறார். துவைப்பது இயந்திரத்தின் வேலை. துவைப்பதற்கு முன்னும் பின்னும் உள்ளவை அவருடையவை. வார்டுகளிலிருந்து மூட்டையாக வரும் விரிப்புகளை ஒவ்வொன்றாக உதறிப் பார்க்க வேண்டும். கரண்டி வரும், மூக்குக் கண்ணாடி வரும், ஊசி வரும். ஒருமுறை முழுப் பல்செட் ஒன்று தலையணை உறைக்குள்ளிருந்து விழுந்ததாம். "சிரிச்சுக்கிட்டே வந்துச்சு சார்" என்று சொன்னார். காய்ந்த பிறகு எதிரெதிரே இருவர் நின்று நான்கு முனைகளைப் பிடித்து மடிக்க வேண்டும். எதிரே நிற்பவள் இருபத்து மூன்று ஆண்டுகளும் ஒரே பெண். கணவர் முகத்தைவிட அவள் முகத்தைத்தான் அதிக நேரம் பார்த்திருப்பதாகச் சொல்வார். சூடான உருளையில் விரிப்பைக் கொடுத்து வாங்கியதில் இரண்டு கைகளிலும் முழங்கைக்குக் கீழே வரிவரியாகத் தழும்புகள். காலை ஏழரைக்குப் புறப்பட்டால் வீடு திரும்ப மாலை ஐந்தே முக்கால் ஆகும்.

அவர் கணவர் பேருந்தில் நடத்துநராக இருந்தவர். அவருக்கு இன்றளவும் 'கண்டக்டர்' என்றே பெயர். ஏழு ஆண்டுகளுக்கு முன் பக்கவாதம் தாக்கி வலக்கையும் வலக்காலும் விழுந்துவிட்டன. பேச்சு சற்று இழுக்கும், அவ்வளவுதான். "வாயைத் தொட அதுக்கே பயம்" என்பார் அக்கா. ஒரே மகள் மணமாகி வெளியூரில் இருக்கிறாள். கதவுக்கு நேர் எதிரே கட்டில். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் இடுப்பில் புண் வந்துவிடும். தண்ணீரை யாராவது கையில் எடுத்துக் கொடுக்க வேண்டும். சிறுநீர்ப் புட்டியும் அவ்வாறே.

அவரால் எழுந்து வந்து தாழ் திறக்க இயலாது என்பதனால் ஒன்றாம் எண் வீட்டுக் கதவு பகலில் பூட்டப்படுவதே இல்லை. வெறுமனே சாத்தியிருக்கும். அந்தக் கதவின் உட்புறச் சுவரில் ஒரு பலகை, பலகையில் ஏழு ஆணிகள், ஆணிகளில் எங்கள் ஏழு வீட்டுச் சாவிகள். இரண்டாம் எண்ணில் இருக்கும் டீச்சர் ஒருநாள் சாவியைப் பள்ளியிலேயே விட்டுவிட்டு வந்து நடைவழியில் இரண்டு மணி நேரம் நின்றார். அன்று அக்கா, "எங்க வீட்டுலதான் எப்பவும் ஆள் இருக்கே, ஒரு சாவிய இங்க மாட்டிட்டுப் போங்களேன்" என்று சொன்னதில் தொடங்கியது. ஓராண்டுக்குள் ஏழு ஆணிகளும் நிறைந்துவிட்டன. நானும் நூலகத்துக்குப் போகும்போது அங்கேதான் மாட்டிவிட்டுப் போவேன்.

சாவி எடுக்க வருகிறவர் வெறுமனே எடுத்துக்கொண்டு போய்விட முடியாது. நான்காம் எண்ணில் இருக்கும் மருந்துக் கடைக்காரர் மதிய உணவுக்கு வருவார்.

"யாரது? டிக்கெட் எடுத்தாச்சா?"

"பாஸ் இருக்கு கண்டக்டரே."

"எங்க, காட்டு. இதுல இருக்கற மூஞ்சி லட்சணமா இருக்கே, உன்னுது மாதிரி தெரியலையே."

"ஆறு வருஷத்துக்கு முன்னாடி எடுத்தது."

"அப்ப பாஸ் காலாவதி. சரி, வந்தது வந்துட்ட, என்னை அந்தப் பக்கம் திருப்பிட்டுப் போ. இந்தச் சுவத்தையே பாத்துக்கிட்டிருந்தா எனக்கும் அதுக்கும் கைகலப்பு ஆயிடும்."

மருந்துக் கடைக்காரர் திருப்பிவிடுவார். டீச்சர் தண்ணீர் கொடுப்பார். நான் செய்தித்தாள் படித்துக் காட்டுவேன். இதை யாரும் ஓர் ஏற்பாடாகப் பேசிக்கொண்டதில்லை. அக்கா ஒருபோதும் யாரிடமும் உதவி கேட்டதில்லை, நாங்களும் உதவுவதாக நினைத்ததில்லை. சாவி எடுக்கப் போனோம், அவ்வளவுதான். ஒருநாள் எண்ணிப் பார்த்தேன்: காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை ஒன்பது முறை அந்தக் கதவு திறந்தது. அந்த ஒன்பது முறையை நம்பித்தான் அக்காவால் ஆறு ஆண்டுகள் வேலைக்குப் போய்வர முடிந்தது.

சென்ற ஆண்டு எங்கள் கட்டடத்தில் இரண்டு திருட்டுகள் நடந்தன. தரைத்தளத்தில் நிறுத்தியிருந்த சைக்கிள் ஒன்று காணாமற் போயிற்று. ஒரு மாதம் கழித்து, முதல் மாடியில் ஜன்னல் ஓரம் சார்ஜில் போட்டிருந்த கைபேசி போயிற்று. நான்கு மாடி, முப்பத்திரண்டு வீடு. பாதிப்பேர் ஒருவருக்கொருவர் உறவு, மீதிப்பேர் உறவைவிட நெருக்கம். ஒரு வீட்டில் பால் பொங்கி வழிந்தால் மறுநிமிடம் நான்காம் மாடியில் தெரியும். இந்த இரண்டு செய்திகளும் கண் காது மூக்கு வைத்துக்கொண்டு படியேறியும் இறங்கியும் திரிந்தன.

மொட்டை மாடியில் கூட்டம் போட்டோம். குடியிருப்போர் சங்கச் செயலாளர் மருந்துக் கடைக்காரரே. "வாயால பேசி என்ன பிரயோசனம்? என்னென்ன நடந்திருக்குன்னு எழுத்துல இருக்கணும்" என்றார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பிறப்பு இறப்புப் பதிவகத்தில் முப்பத்தோராண்டு எழுத்தராக இருந்தவன் நான். தாளில் கட்டம் போட்டு, நாள், மாடி, காணாமற் போன பொருள், தெரிவித்தவர் என்று தலைப்பிட்டு, நான்கு மாலைகளில் முப்பத்திரண்டு வீடுகளிலும் ஏறி இறங்கினேன். உங்கள் வீட்டிலோ உங்களுக்குத் தெரிந்த வீட்டிலோ என்ன நடந்தது என்று கேட்டு, சொன்னதைச் சொன்னபடியே எழுதினேன். மொத்தம் பத்தொன்பது பதிவுகள். மறுநாள் அது மாடிப்படியின் அடியில் ஒட்டப்பட்டது. என் கையெழுத்து தெளிவானது. தள்ளி நின்றே படிக்கலாம். படித்தவர்கள் அன்றிரவு கதவுத் தாழை இரண்டு முறை சரிபார்த்தார்கள்.

முதலில் வந்தவர் டீச்சர். ஞாயிற்றுக்கிழமை, அக்கா வீட்டில் இருந்தார். நான் கட்டிலருகே அமர்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க."

"இப்படி ஆரம்பிச்சாலே தப்பா நினைக்கிற மாதிரி ஏதோ இருக்குன்னு அர்த்தம். உக்காருங்க, என்ன?"

"சாவிய எடுத்துட்டுப் போலாம்னு."

"ஊருக்குப் போறீங்களா?"

"இல்லக்கா. வீட்டுல அவரு சொல்றாரு. கதவு பகல் பூரா திறந்தே கிடக்கு, ஏழு வீட்டுச் சாவியும் ஒரே இடத்துல தொங்குது. எவனாவது உள்ள வந்தான்னா அண்ணனால கத்தக்கூட..."

"கத்த முடியும் டீச்சர்" என்றார் கண்டக்டர். "எந்திரிக்கத்தான் முடியாது. கத்துறது நான் சம்பளம் வாங்கிப் பண்ண வேலை."

"உங்க மேல யாருக்கும் சந்தேகம் இல்லண்ணே. கதவு மேலதான்."

"அது நல்ல கதவும்மா. ஆறு வருஷமா யாரையும் கடிச்சதில்ல."

டீச்சர் சிரித்தார். சிரித்துக்கொண்டே ஆணியிலிருந்து சாவியைக் கழற்றப் பார்த்தார். அக்கா எழுந்து போய், ஆணியில் சிக்கியிருந்த சாவிக் கயிற்றை எடுத்துச் சரிசெய்து கையில் கொடுத்தார். அடுத்த மூன்று வாரங்களில் மற்றவையும் போயின. எங்கள் வீட்டுச் சாவி ஐந்தாவதாகப் போயிற்று. மருமகள் போய் வாங்கி வந்தாள். எனக்குத் தெரியும், நான் ஒன்றும் சொல்லவில்லை.

யாரும் அக்காவிடம் முகம் கொடுக்காமல் போகவில்லை. படியில் பார்த்தால் கண்டக்டர் எப்படி இருக்கிறார் என்று கேட்டார்கள். அதைக் கேட்டறிய வேண்டியிருந்ததுதான் புதிது.

கண்டக்டருக்குக் கைகால் பயிற்சி கொடுக்க, மருத்துவமனையிலிருந்து புதன்கிழமை தோறும் நண்பகலில் ஒருவர் வருவார். அக்காவோடு வேலை செய்கிறவர்கள் சொல்லி, அவர் இரக்கப்பட்டு வந்துகொண்டிருந்தார். கையில் கறுப்புப் பை இருக்கும். ஒரு புதன்கிழமை இரண்டாம் மாடிக்காரர்கள் அவரைப் படியில் மறித்துச் சட்டையைப் பிடித்துவிட்டார்கள். பையைக் கொட்டச் சொன்னார்கள். ரப்பர்ப் பந்தும் எண்ணெய்க் குப்பியும் விழுந்தன. அடையாள அட்டையைக் காட்டிய பிறகு விட்டார்கள். அதற்குள் மூன்று பேர் அவரைப் படம் பிடித்துவிட்டார்கள். மறுநாள் மருத்துவமனையில் அவர் அக்காவைத் தேடிப் போய், "எனக்கும் குடும்பம் இருக்கும்மா" என்று மட்டும் சொன்னாராம். பிறகு வரவில்லை.

கறுப்புப் பை என்று நானே பட்டியலில் எழுதியது நினைவுக்கு வந்தது. கீழே இறங்கிப் போய்ப் பட்டியலைப் படித்தேன். 'கறுப்புப் பையுடன் கதவுகளை நோட்டமிட்ட ஆள்' நான்கு பதிவுகளில் இருந்தான். நான்கும் புதன்கிழமைகள். அன்று முழுவதும் ஒவ்வொரு பதிவாக எடுத்து, சொன்னவர் வீட்டுக்கே போய் மறுபடி விசாரித்தேன். சைக்கிள் ஏழு பதிவுகளில் இருந்தது. பறிகொடுத்தவர் சைக்கிள் என்று சொல்லியிருந்தார்; அவர் மைத்துனர் 'எங்க வண்டி' என்றிருந்தார்; மைத்துனரின் எதிர்வீட்டார் 'மேல் மாடிக்காரர் வண்டி' என்றிருந்தார். தேதியும் ஆளாளுக்கு ஒன்றிரண்டு நாள் மாறியிருந்தது. கைபேசி ஆறு பதிவுகள். எஞ்சிய இரண்டில் ஒன்று, காற்றில் பறந்து தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கிடந்த துண்டு. மற்றொன்று நாய் தூக்கிப் போன செருப்பு.

அக்கறையில்லாத இடமாக இருந்திருந்தால் பறிகொடுத்தவர்கள் மட்டும் சொல்லியிருப்பார்கள், பட்டியலில் இரண்டு வரி வந்திருக்கும். எங்களவர்கள் அடுத்த வீட்டு இழப்பைத் தம் இழப்பாகச் சொன்னார்கள், பத்தொன்பது ஆயிற்று. பதிவகத்தில் எனக்கு இந்தப் பிழை ஒருநாளும் நேர்ந்ததில்லை. ஒருவர் இரண்டாம் முறை இறந்ததாக யாரும் வந்து எழுதச் சொல்வதில்லை.

மறுபடி கூட்டம் கூட்டச் சொல்லி, கண்டதை வரிசையாகப் படித்தேன். மருந்துக் கடைக்காரர் பொறுமையாகக் கேட்டார்.

"சார், எழுதுனதும் நீங்க, இல்லைங்கறதும் நீங்க. நாங்க எதை நம்புறது?"

"எழுதுனது தப்புன்னுதான் சொல்றேன். நடந்தது ரெண்டுதான்."

"எழுதாம விட்டது எத்தனையோ இருக்கும்ல?"

நான்காம் மாடி அம்மாள் ஒருவர் எழுந்தார். "அப்ப எங்க கூடப்பொறந்த அக்கா வீட்டுக்காரரு பொய் சொன்னாருங்கறீங்களா?"

"பொய் இல்லம்மா. ஒண்ணையேதான் எல்லாரும்..."

"எங்களுக்கு எங்க ஆளுங்களைத் தெரியும் சார்."

கூட்டம் கலைந்தது. மறுநாள் காலையில் பட்டியலைக் கிழித்தேன். அதற்குள் அது எல்லார் கைபேசியிலும் படமாக ஏறியிருந்தது. கிழித்ததனால், நான் யாருக்கோ பயந்து மறைக்கிறேன் என்ற பேச்சு மட்டும் மிச்சமாயிற்று. அந்த மாதமே கதவுகளுக்கு வெளியே இரும்புக் கிராதிக் கதவுகள் வரத் தொடங்கின.

அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏழு வீடுகளுக்கும் போனார். ஆறு ஆண்டுகளில் முதன்முறையாக வாய்விட்டுக் கேட்டார்: "பதினோரு மணிக்கும் மூணு மணிக்கும் யாராவது ஒருத்தர் எட்டிப் பாத்தா போதும்." எல்லாரும் கட்டாயம் பார்ப்பதாகச் சொன்னார்கள். அவர்கள் சொன்னது அப்போது உண்மைதான். முதல் வாரம் இரண்டு பேர் போனார்கள். அடுத்த வாரம் என்னைத் தவிர யாருமில்லை. டீச்சரைப் படியில் கண்டபோது கேட்டேன்.

"சாவி எடுக்கப் போறப்ப ஒண்ணும் தோணல சார். இப்ப வெறுங்கையோட அந்த வீட்டுக்குள்ள போயிட்டு வெளிய வர்றதை யாராவது பாத்தா? நாளைக்கு அங்க ஒரு பொருள் காணோம்னா, உள்ள போனது யாருன்னுதானே கேப்பாங்க?"

"உங்களையா டீச்சர் சந்தேகப்படுவாங்க?"

"அண்ணனுக்குப் பயிற்சி கொடுக்க வந்தவரைச் சந்தேகப்படலையா?"

டீச்சர் படியிறங்கிப் போனார்.

எனக்குக் குடலிறக்க அறுவைச் சிகிச்சை நடந்திருக்கிறது. கண்டக்டரின் எடையை என்னால் திருப்ப முடியாது. தண்ணீர் கொடுப்பேன், புட்டியை மாற்றுவேன், செய்தித்தாள் படிப்பேன். பன்னிரண்டு நாட்கள் அப்படிப் போயின. பதின்மூன்றாம் நாள் பதினோரு மணிக்குப் போனபோது அவர் தரையில் கிடந்தார். தண்ணீருக்குக் கை நீட்டியிருக்கிறார். தூக்க முயன்றேன், முடியவில்லை. நடைவழியில் இறங்கிக் கதவு கதவாகத் தட்டினேன். என் மகனும் மருமகளும் உட்படப் பெரும்பாலோர் வேலைக்குப் போயிருந்தார்கள். ஆறாம் எண்ணில், கதவில் பதித்த பார்வைத் துளை இருண்டது. உள்ளே ஆள் வந்து நின்றது தெரிந்தது.

"யாரது?"

"நான்தாம்மா, எட்டாம் நம்பர்."

"கூட யாரு?"

"யாரும் இல்ல. கண்டக்டர் விழுந்துட்டார், ஒரு கை கொடுத்தீங்கன்னா..."

உள்தாழ் விழும் ஓசை கேட்டது. பிறகு, "அவரு வந்ததும் அனுப்புறேன் சார்" என்றது குரல்.

மருந்துக் கடைக்காரர் சாப்பிட வரும்வரை முக்கால் மணி நேரம் கண்டக்டர் தரையிலேயே கிடந்தார். தலைக்கு ஒரு தலையணை வைத்துவிட்டு நானும் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். "எத்தனை பேரை வண்டியில ஏத்தி விட்டிருக்கேன்" என்றார். 

அந்த வாரமே இடுப்பில் ஓர் இடம் சிவந்து, பிறகு தோல் உரிந்தது. அக்காவுக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. இருபத்து மூன்று ஆண்டுகளாக விரிப்புகளை உதறியவர். எந்தக் கறை எந்தப் புண்ணினுடையது, அது எவ்வளவு ஆழம் என்று அவருக்குத் தெரியும். பகலில் இரண்டு மணி நேரம் வீட்டுக்கு வந்துபோக அனுமதி கேட்டார். சலவைக்கூட மேற்பார்வையாளர் கெட்டவரல்லர். "உங்களுக்கு விட்டா எல்லாருக்கும் விடணும்மா" என்றார். வேலையை விட்டால் புண்ணுக்கு மருந்து வாங்க முடியாது. வேலைக்குப் போனால் புண் ஆறாது. இரவு இரண்டு முறை எழுந்து அவரைத் திருப்பிப் படுக்க வைத்துவிட்டு, காலையில் ஏழரைக்குப் புறப்பட்டார்.

ஒரு திங்கட்கிழமை காலையில் நடைவழியில் துளையிடும் ஓசை கேட்டு வந்து பார்த்தேன். ஒன்றாம் எண் வீட்டுக்கும் கிராதி பொருத்திக்கொண்டிருந்தார்கள். அக்கா அருகில் நின்று, தாழ் சரியாக விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, நீங்களுமா?"

"உங்க பட்டியலை நானும்தானே சார் படிச்சேன்."

"அது தப்புன்னு கூட்டத்துல சொன்னேனே. ரெண்டுதான் நடந்தது."

"ரெண்டுன்னே வச்சுக்குங்க. மூணாவது எங்க வீடா இருந்தா? முன்னாடி ஆளுங்க வந்துபோய்க்கிட்டு இருந்தாங்க, எவனும் நுழைய யோசிப்பான். இப்ப பகல் பூரா யாரு எட்டிப் பாக்குறா? எவனாவது வந்து அவரை ஏதாவது பண்ணிட்டான்னா, சாயந்திரம் வர்ற வரைக்கும் எனக்குத் தெரியாது."

"உள்ள வச்சுப் பூட்டிட்டுப் போனா எனக்கும் வழி இல்லையே. ஒரு சாவிய என்கிட்ட கொடுத்துட்டுப் போங்க."

அவர் கையிலிருந்த சாவியைப் பார்த்தார். பிறகு அதை முந்தானையில் முடிந்துகொண்டார்.

"வேணாம் சார். உங்களால அவரைத் தூக்க முடியாது. அன்னைக்கு நீங்க தட்டினதுக்கு யாரும் திறக்கவும் இல்ல. நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா, சாவி யாருகிட்ட இருந்துச்சுன்னுதான் பேசுவாங்க. இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு அந்தப் பேச்சு?"

உள்ளேயிருந்து கண்டக்டர் எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார். வழக்கம்போல் ஏதேனும் சொல்வார் என்று நின்றேன். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

இது நடந்து ஏழு மாதங்கள் ஆகின்றன. கட்டடத்தில் வேறு திருட்டு இல்லை. கிராதி போட்டதனால்தான் இல்லை என்று மருந்துக் கடைக்காரர் சங்கக் கூட்டங்களில் சொல்கிறார், எல்லாரும் தலையசைக்கிறார்கள். புண் இப்போது உள்ளங்கை அளவுக்கு ஆகியிருப்பதாக அக்கா சொன்னார். கதவு சாத்தியிருக்கும்போதே வாடை நடைவழியில் தெரிகிறது. தெரிகிறதென்று யாரும் யாரிடமும் சொல்வதில்லை.

பதினோரு மணிக்கு இன்னமும் அந்தக் கதவுவரை போகிறேன். வெளியே பூட்டுத் தொங்குகிறது. உள்ளே வானொலி உரக்கப் பாடிக்கொண்டிருக்கும். வீட்டில் ஆள் இருக்கிறதென்று திருடன் நினைத்துக்கொள்ளட்டும் என்று அக்கா காலையிலேயே அதைச் சத்தமாக வைத்துவிட்டுப் போகிறார். நான் கிராதி வழியாகக் கையை நுழைத்துக் கதவைத் தட்டி, "கண்டக்டரே" என்று கூப்பிடுகிறேன். அவர் பதில் சொல்கிறாரா இல்லையா என்பது அந்தச் சத்தத்தில் எனக்குக் கேட்பதில்லை.